சக்கரக் குடத்தினுள் அமைந்த பிரேக்கு

மிதிவண்டி ஓட்டக் கற்கும் சிறுவன் முதலில் அஞ்சுவது கீழே விழுவதற்கு. சற்றுப் பழகியபின் அஞ்சுவது நிறுத்த முடியாமற் போவதற்கு. முதல் அச்சம் சில நாளில் நீங்கிவிடும். இரண்டாவது அச்சம் வெயில் நாளில் மறைந்திருந்து, மழை நாளில் மீண்டும் வரும்.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பல்லாண்டுக் காலம் ஓடிய இங்கிலாந்துச் சைக்கிள்களை நினைவிற் கொண்டால் இதன் காரணம் விளங்கும். அவற்றின் சக்கர விளிம்பு, முலாம் பூசிய எஃகினால் ஆனது. கைப்பிடியை அழுத்தினால் இரும்புக் கம்பிகள் மேலெழுந்து, இரண்டு ரப்பர்க் கட்டைகளை அவ்விளிம்பின் மேல் அழுத்தும். உலர்ந்த சாலையில் வண்டி ஒழுங்காக நிற்கும். மழை பெய்தாலோ, வழவழப்பான எஃகின்மேல் நீர் படலமாகப் படிந்துவிடுகிறது. ரப்பர்க் கட்டை அந்நீரைத் துடைத்தெறிந்த பிறகே பிடிக்கத் தொடங்கும். அதுவரை, பிடி இழுத்தபடி இருக்க, வண்டி போய்க்கொண்டே இருக்கும். சக்கரம் ஒரு முறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 2.1 மீட்டர் நகரும். நீரைத் துடைக்க ஐந்து சுற்றுத் தேவைப்பட்டால், பிரேக்கு வேலை செய்யத் தொடங்குமுன்பே 10 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். பள்ளிக்கூட வாயிலிலும் சந்தை முனையிலும் அந்தப் பத்து மீட்டர் சிறிய தூரம் அன்று.

இந்த இடர்ப்பாட்டிற்கு அறிஞர்கள் கண்ட விடைகளுள் ஒன்று, பிரேக்கை விளிம்பிலிருந்து எடுத்துச் சக்கரத்தின் நடுவில், மழை எட்டாத ஓர் அறைக்குள் வைத்துவிடுவதாகும். அதுவே குடப் பிரேக்கு.

பெயரும் இடமும்

மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவில், ஆரக்கால்கள் எல்லாம் வந்து சேரும் உருண்ட கட்டையைக் குடம் என்பர். அச்சு அதனூடே செல்கிறது. மிதிவண்டியிலும் ஆரக்கம்பிகள் வந்து சேரும் நடு உருளைக்கு இப்பெயர் நன்கு பொருந்தும். கடைகளில் ‘ஹப்’ என்று வழங்குவது இதுவே. சாதாரண வண்டியில் இக்குடம் சிறியது. அதனுள் அச்சும் உருள் குண்டுகளும் மட்டுமே இருக்கும். குடப் பிரேக்கு உள்ள வண்டியிலோ குடம் பருத்து, பிரேக்கின் உறுப்புக்களையும் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது.

நாள்தோறும் வேலைக்கும் பள்ளிக்கும் மிதிவண்டியிலேயே செல்லும் நாடுகளில் இவ்வமைப்பு மிகுதியாகக் காணப்படுகிறது. நெதர்லாந்தில் மக்கள் தொகையைவிட மிதிவண்டிகளின் தொகை அதிகம். அங்கே நிலம் சமதளம். மழை அடிக்கடி பெய்யும். வண்டிகள் இரவும் பகலும் வெளியில் நிற்கும். இம்மூன்றும் சேர்ந்த இடத்தில் குடப் பிரேக்கின் நன்மை முழுமையாக வெளிப்படுகிறது.

மூவகை அமைப்பு

குடப் பிரேக்குகளுள் பெருவழக்காய் உள்ளவை மூன்று.

முதலாவது, பின்மிதிப் பிரேக்கு. மிதிகட்டையை முன்னோக்கி மிதித்தால் வண்டி ஓடும். மிதிக்காமல் விட்டால் சக்கரம் தானே உருளும். பின்னோக்கி மிதித்தால் வண்டி நிற்கும். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த நியூ டிபார்ச்சர் நிறுவனம் 1898-ஆம் ஆண்டில் இத்தகைய பிரேக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜெர்மனியில் சுவைன்ஃபுர்ட் நகரில் எர்ன்ஸ்ட் சாக்ஸ் உருவாக்கிய ‘டார்பிடோ’ குடம் 1903-ஆம் ஆண்டில் வெளிவந்து, பல தலைமுறைகளுக்கு ஐரோப்பியரின் வண்டிகளில் இடம்பெற்றது. பின்னோக்கி மிதிக்கும்போது, குடத்தினுள் உள்ள திருகு மரை ஒரு கூம்பைப் பக்கவாட்டில் தள்ளும். அக்கூம்பு, பிளவுபட்ட ஓர் உலோக வளையத்தினுள் நுழைந்து அதை விரிக்கும். விரிந்த வளையம் குடத்தின் உட்சுவரை அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும். இதற்குக் கையும் வேண்டா, கம்பியும் வேண்டா.

இரண்டாவது, டிரம் பிரேக்கு. மோட்டார் சைக்கிள்களில் பலரும் கண்டதே இது. அரைவட்டமான இரண்டு கட்டைகள், உராய்வுப் பட்டை ஒட்டப்பெற்று, குடத்தினுள் அசையாத ஒரு தட்டில் பொருத்தப்பட்டிருக்கும். கைப்பிடியை இழுத்தால் கம்பி ஒரு சிறு கையை இழுக்கும். அக்கை ஒரு முனையைத் திருப்பும். கட்டைகள் இரண்டும் விரிந்து, சுழலும் குடத்தின் உட்சுவரை அழுத்தும். இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரில் தோன்றிய ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் 1930-களிலேயே இவற்றை மிதிவண்டிக்கு அளித்தது. 2000-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் தைவான் நாட்டவர் கைக்கு மாறிய பின்னரும், 70 மில்லிமீட்டர், 90 மில்லிமீட்டர் என்னும் இரண்டு விட்ட அளவுகளில் டிரம் பிரேக்குகள் அப்பெயரிலேயே வெளிவந்துள்ளன.

மூன்றாவது, ரோலர் பிரேக்கு. ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் இதைப் பரப்பியது. குடத்தின் பக்கத்தில் தனிப் பெட்டிபோல் இது பொருந்தியிருக்கும். கம்பியை இழுத்தால் உள்ளே மேடுபள்ளமான ஒரு சக்கரம் திரும்பும். அதன் மேடுகள் சிறு எஃகு உருளைகளை வெளியே தள்ளும். உருளைகள் உலோகக் கட்டைகளை எஃகுக் கூட்டின் உட்சுவரோடு அழுத்தும். உலோகத்தோடு உலோகம் உராய்வதால், இடையே தனி வகையான கிரீஸ் எப்போதும் இருந்தாக வேண்டும். சூட்டை வெளியேற்றுவதற்காகச் செதில் போன்ற உலோகத் தட்டு ஒன்றும் பெட்டியின் ஓரத்தில் அமைந்திருப்பதுண்டு.

பிடிக்கும் வலிமை எவ்வளவு?

குடப் பிரேக்கு மென்மையாகத்தான் பிடிக்கும் என்று பலர் குறை கூறுவர். அக்குறையில் ஓரளவு உண்மை உண்டு. அதன் காரணம் எளிய நெம்புகோல் கணக்கில் அடங்கியிருக்கிறது.

சக்கரத்தின் நடுவிலிருந்து தரை ஏறத்தாழ 340 மில்லிமீட்டர் தொலைவில் உள்ளது. விளிம்பு 310 மில்லிமீட்டர் தொலைவில் உள்ளது. 70 மில்லிமீட்டர் டிரம்மின் உட்சுவரோ நடுவிலிருந்து 35 மில்லிமீட்டர் தொலைவில்தான் உள்ளது. தரையில் 20 கிலோ எடைக்குச் சமமான தடுப்பு விசை வேண்டுமென்று கொள்வோமானால், விளிம்பில் 22 கிலோ அளவு உராய்வு போதும். டிரம்மினுள்ளோ 194 கிலோ அளவு உராய்வு வேண்டும். 90 மில்லிமீட்டர் டிரம்மில் அது 151 கிலோவாகக் குறையும். கதவைக் கீலுக்கு அருகில் பிடித்துத் தள்ளுவதற்கும், ஓரத்தில் பிடித்துத் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடே இது.

இக்குறையை ஈடுசெய்யவே நெம்புகை, திருகு மரை, உருளை முதலியவை உள்ளே வைக்கப்பட்டுள்ளன. சக்கரம் சுழலும் திசையே கட்டைகளுள் ஒன்றை மேலும் இழுத்து அழுத்துவதும் உண்டு. ஆகவே, சமதளத்தில் தனி ஆளாகச் செல்வோருக்கு 70 மில்லிமீட்டர் டிரம் போதுமானது. பின்னிருக்கையில் குழந்தையும் முன்கூடையில் சுமையும் ஏற்றுவோருக்கும், மேடுபள்ளமான ஊரில் ஓட்டுவோருக்கும் 90 மில்லிமீட்டர் டிரம்மே ஏற்றது.

எந்தச் சக்கரத்தில் பிரேக்கு உள்ளது என்பதும் கருதத்தக்கது. வண்டி வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்தின்மேல் சாய்கிறது. பின்சக்கரம் இலேசாகி எளிதில் வழுக்குகிறது. பின்சக்கரத்தை மட்டும் நிறுத்துவோர்க்கு, வண்டி நிற்கும் தூரம் முன்சக்கரத்தை நன்கு பயன்படுத்துவோரைவிட ஏறத்தாழ இரு மடங்காகும். பின்மிதிப் பிரேக்கு பின்சக்கரத்தில் மட்டுமே அமைவது. மேலும், சங்கிலி கழன்றால் அப்பிரேக்கும் உடனே இல்லாமற் போகும். ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக்குகள் மிதிவண்டிக்கு வேண்டும் என்று ஜெர்மனியின் சாலை விதி கூறுவதன் பொருத்தம் இங்கே விளங்கும்.

இவ்வளவு குறை கூறியபின், அதன் நிறையையும் சொல்லுதல் வேண்டும். நேற்று வெயிலில் எவ்வளவு பிடித்ததோ, இன்று மழையிலும் குடப் பிரேக்கு ஏறத்தாழ அவ்வளவே பிடிக்கும். பிடியை எவ்வளவு இழுத்தால் வண்டி எங்கே நிற்கும் என்பது ஓட்டுபவரின் கைக்குப் பழகிவிடுகிறது. அப்பழக்கம் எந்நாளும் பொய்ப்பதில்லை. விளிம்பும் தேய்வதில்லை. விளிம்புப் பிரேக்கு உள்ள வண்டியில் சேறும் மணலும் கட்டையில் ஒட்டி விளிம்பை அராவும்; ஆண்டுகள் செல்லச் செல்ல விளிம்பு மெலிந்து, ஒருநாள் வெடிப்பதும் உண்டு. குடப் பிரேக்கில் அந்த அச்சம் இல்லை.

சூடு என்னும் எல்லை

ஓடும் வண்டியின் ஆற்றலைப் பிரேக்கு அழிப்பதில்லை. அதைச் சூடாக மாற்றுகிறது. ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ என்று கொண்டால், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அவ்வண்டியில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ 1,390 ஜூல். ஒரு கிலோ எடையுள்ள எஃகுக் குடத்தினுள் அது முழுதும் சென்றாலும், வெப்பம் மூன்று பாகை அளவே உயரும். நகரத்தில் முனைக்கு முனை நின்று செல்வதால் குடத்திற்குக் கேடில்லை என்பது இதனால் பெறப்படும்.

மலையிலிருந்து இறங்குவது வேறு கதை. அதே வண்டி 100 மீட்டர் உயரத்திலிருந்து, பிரேக்கைப் பிடித்தபடியே வேகம் கூடாமல் இறங்கினால், சூடாக மாற வேண்டிய ஆற்றல் 88,000 ஜூலுக்கு மேற்படும். அஃதாவது, அறுபதுக்கும் மேற்பட்ட முறை நிறுத்துவதற்குச் சமம். சூடு வெளியேற வழியில்லையெனில் அதே குடம் 170 பாகைக்கு மேல் சூடேறும். காற்று ஓரளவு குளிர்விக்கும் என்றாலும், மூடிய அறையில் சூடு மெல்லத்தான் வெளியேறும். உராய்வுப் பட்டை சூடேறினால் பிடி தளரும். கிரீஸ் உருகி ஓடும்.

இதற்கு ஓர் ஊர்ப்பாதையின் பெயரே சான்றாக நிற்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் மரின் வட்டாரத்தில், பழைய பின்மிதி வண்டிகளில் செங்குத்தான மண்பாதையில் இறங்கும் பந்தயம் 1976-ஆம் ஆண்டில் தொடங்கியது. கீழே வந்து சேர்வதற்குள் குடத்தினுள் இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வோர் இறக்கத்திற்குப் பின்னும் குடத்தைப் பிரித்துக் கிரீசை மீண்டும் திணிக்க வேண்டியிருந்தது. அதனால் அப்பாதைக்கு ‘ரீபேக்’, அஃதாவது ‘மீண்டும் திணித்தல்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. நெடிய இறக்கத்திற்குக் குடப் பிரேக்கு மட்டும் போதாது என்பதற்கு இதனினும் சுருக்கமான பாடம் வேறில்லை.

மறைவின் நன்மையும் மறைவின் தீமையும்

குடப் பிரேக்கின் சிறப்பு, அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பது. அதன் பெருங்கேடும் அதுவே. விளிம்புப் பிரேக்கின் ரப்பர் தேய்ந்தால் வண்டியைத் துடைக்கும் சிறுவனும் காண்பான். குடத்தினுள் பட்டை தேய்வதை எவரும் காண்பதில்லை. தேய்வும் நாள்தோறும் மயிரிழை அளவே நிகழ்வதால், கை அதற்கேற்பத் தன்னை அறியாமலே சிறிது சிறிதாக மிகுதியாய் இழுக்கப் பழகிவிடுகிறது. குழந்தை ஒன்று குறுக்கே ஓடிவரும் நொடியில்தான் குறை வெளிப்படும்.

“இதற்குப் பராமரிப்பே வேண்டா” என்று விற்பவர் கூறுவதுண்டு. குறைந்த பராமரிப்பு என்பதே சரி. அக்குறைந்த அளவையும் கைவிடுவதால்தான் இடர் விளைகிறது. செய்ய வேண்டியவை பின்வருமாறு.

ஒன்று: தாங்குகையைக் காத்தல். பிரேக்குத் தட்டிலிருந்து ஒரு நீண்ட கை வந்து, வண்டியின் கவையிலோ பின்சட்டத்திலோ பூட்டப்பட்டிருக்கும். பிரேக்கு பிடிக்கும்போது தட்டும் சக்கரத்தோடு சேர்ந்து சுழல முனையும். அதைத் தடுத்து நிறுத்துவது இக்கையே. டயர் மாற்றியபின் இதைப் பூட்ட மறந்தாலும், ஆணி தளர்ந்திருந்தாலும், முதல் முறை வலுவாகப் பிரேக்கு பிடிக்கும்போதே தட்டு சுழன்று கம்பியை முறுக்கும். அச்சும் இடம் பெயரலாம். ஆகவே சக்கரத்தைக் கழற்றிய ஒவ்வொரு முறையும், வண்டியில் ஏறுமுன் பார்க்க வேண்டிய முதல் இடம் இது. பின்சக்கரத்தைக் கழற்றுவது தொல்லையாதலால், நெதர்லாந்தில் பலர் சக்கரத்தைக் கழற்றாமலே டியூபை மட்டும் வெளியே இழுத்து ஒட்டுப் போடுவர். அது நல்ல வழக்கம்.

இரண்டு: கம்பியைச் சரிசெய்தல். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுழற்ற வேண்டும். கம்பியின் முனையில் உள்ள திருகை, கட்டை உரசும் ஓசை கேட்கும்வரை இறுக்கிப் பின், ஓசை நிற்கும்வரை தளர்த்த வேண்டும். கைப்பிடி முழுதும் இழுக்கப்பட்டாலும் அது வண்டியின் பிடிக்குழாயைத் தொடலாகாது. கம்பி நெடுகிலும் துரு இல்லாமல் இருக்க வேண்டும். பின்சக்கரத்திற்குச் செல்லும் நீண்ட கம்பியின் உறை அமுங்கிக் கொடுப்பதாலேயே பல பிரேக்குகள் பஞ்சுபோல் தோன்றுகின்றன. புதிய உறை போட்டதும் அதே பிரேக்கு உயிர் பெறும்.

மூன்று: கட்டைகளை நடுவில் நிறுத்துதல். டிரம் பிரேக்கைப் பிரித்துப் பூட்டும்போது, தட்டைப் பிடித்திருக்கும் நட்டைச் சற்றுத் தளர்த்தி, பிரேக்கை வலுவாக இழுத்துப் பிடித்தபடியே அந்நட்டை இறுக்க வேண்டும். அவ்வாறு செய்தால் இரண்டு கட்டைகளும் தாமே நடுவில் வந்து நிற்கும். புதிய கட்டைகள் உட்சுவரோடு முழுதும் பொருந்தச் சில காலம் ஆகும். அதுவரை பிடி சற்றுக் குறைவாகவே இருக்கும்.

நான்கு: மசகின் வேறுபாட்டை அறிதல். இங்கேதான் நல்லெண்ணத்தால் தவறு நேர்கிறது. டிரம் பிரேக்கின் உட்புறம் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். ஒரு துளி எண்ணெய் பட்டையில் ஊறினாலும் பிடி போய்விடும். கியரும் பிரேக்கும் ஒரே குடத்தில் அமைந்த பழைய வண்டிகளில், கியருக்கு மிகுதியாக எண்ணெய் விட்டுப் பிரேக்கைக் கெடுத்தவர் பலர். ரோலர் பிரேக்கோ இதற்கு நேர்மாறானது. கிரீஸ் வற்றினால் அது கீச்சிடும், திடீரெனக் கவ்வும். அதன் பெட்டியில் ரப்பர் மூடியிட்ட சிறு துளை உண்டு. சக்கரத்தை மெல்லச் சுழற்றிக்கொண்டே அதற்குரிய கிரீசை அதன்வழி செலுத்த வேண்டும். பின்மிதிப் பிரேக்கிற்கும் சூட்டைத் தாங்கும் கிரீஸ் தேவை. ஒன்றிற்கு மருந்தாவது மற்றொன்றிற்கு நஞ்சாகும் ஆதலால், வண்டியில் இருப்பது எவ்வகை என்பதை அறியாமல் எண்ணெய்க் குப்பியைத் தொடலாகாது.

ஐந்து: தேய்வை வெளியிலிருந்தே கணித்தல். பிரேக்கை இழுக்கும்போது, கம்பியும் அது இழுக்கும் சிறு கையும் ஏறத்தாழச் செங்கோணத்தில் நிற்பது நன்று. பலமுறை திருகை இறுக்கியபின் அந்தக் கோணம் மிகவும் விரிந்துவிட்டால், பட்டை தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். இழுக்கும் விசையும் அப்போது வீணாகும். அதற்குமேல் திருகை முடுக்குவது நோயை மறைப்பதேயாகும். பழைய டிரம்மைத் திறப்போர் உள்ளிருக்கும் தூளை வாயால் ஊதுதல் கூடாது. பழைய உராய்வுப் பட்டைகளில் கல்நார் கலப்பது வழக்கமாயிருந்தது. கல்நார்த் தூள் நுரையீரலுக்குக் கொடிய கேடு. ஈரத் துணியால் துடைத்து எடுப்பதே முறை.

ஆறு: ஆரக்கம்பிகளை நோக்குதல். விளிம்பில் பிடித்தால் ஆரக்கம்பிகளுக்கு வேலை குறைவு. குடத்தில் பிடித்தால், நிறுத்தும் விசை முழுவதும் கம்பிகளின் வழியாகவே டயருக்குச் செல்ல வேண்டும். ஆதலால் இச்சக்கரங்களில் கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுப் பின்னப்பட்டிருக்கும். ஒரு கம்பி அறுந்தாலும் உடனே மாற்றுதல் வேண்டும்.

புறப்படுமுன் ஒரு சோதனை

மேற்கூறியவற்றுள் பலவற்றைச் சில மாதங்களுக்கு ஒருமுறை செய்தாற் போதும். ஆனால் நாள்தோறும் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. அதற்கு எந்தக் கருவியும் வேண்டா. வண்டியின் பக்கத்தில் நின்று, முன்பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னோக்கித் தள்ள வேண்டும். முன்சக்கரம் உருளாமல் நிற்க வேண்டும். பின்பு பின்பிரேக்கைப் பிடித்தபடி தள்ள வேண்டும். பின்சக்கரம் உருளாமல் இழுபட வேண்டும். பின்மிதி வண்டியானால், மிதிகட்டையைப் பின்னோக்கி அழுத்திக்கொண்டு தள்ளிப் பார்க்கலாம். கைப்பிடி நேற்றைவிட ஆழமாக வருகிறதா, புதிய ஓசை கேட்கிறதா என்பதையும் அப்பொழுதே அறியலாம்.

மாணவர் பலர் மிதிவண்டியில் வரும் பள்ளியில், நெம்புகோலையும் உராய்வையும் வெப்பத்தையும் கற்பிக்க இதனினும் நல்ல கருவி கிடைப்பது அரிது. கரும்பலகையில் 35-ஐயும் 340-ஐயும் எழுதிக் கணக்கிட்ட மாணவன், வாயிலில் நிற்கும் தன் வண்டியின் குடத்தைக் குனிந்து பார்ப்பான். தாங்குகையின் ஆணி இறுகியிருக்கிறதா என்று விரலால் தொட்டும் பார்ப்பான். மழையில் வீடு திரும்பும் வழியில் அவனைக் காப்பது அந்தப் பழக்கமே.